முகம் அதைத்திருக்கிறதா? சீன மருத்துவக் கேள்வி–பதில்

காலையில் எழும்போது முகம் அதைத்து, கண்ணுக்குக் கீழே பை விழுந்திருக்கிறது. பதினோரு மணிக்குள் வடிந்துவிடும். சீன வைத்தியர் நாக்கைப் பார்த்துவிட்டு "மண்ணீரல் பலவீனம்" என்றார். ஸ்கேன் எடுக்க வேண்டுமா? (வாசகி, சிங்கப்பூர்)

மண்ணீரலுக்காக வேண்டாம். அவர் சொன்னது விலாவுக்குக் கீழே இருக்கும் அந்த உறுப்பை அல்ல. சீன மருத்துவத்தில் மண்ணீரல் என்றால் செரிமானமும், உண்டதிலும் குடித்ததிலும் இருந்து நீரைப் பிரித்து உடம்பெங்கும் அனுப்பும் வேலையும் சேர்ந்தது. அவர்களுடைய ஐந்து மூலகங்களில் அது மண். நீரை அடக்குவது மண் என்பதால், ஏரிக்கரை இளகினால் தண்ணீர் கசிவதுபோல அது தளர்ந்தால் நீர் கண்ட இடத்தில் தேங்கும் என்பது அவர்கள் கணக்கு. ஈரத்தால் வரும் வீக்கமும் உப்புசமும் மண்ணீரலைச் சேர்ந்தவை என்று 'ஹுவாங்தி நெய்ஜிங்' என்ற மூலநூலிலேயே இருக்கிறது. உங்கள் நாக்கு தடித்து, ஓரத்தில் பல்தடம் பதிந்து, மேலே வெள்ளையாகப் படிந்திருக்கும். அதைத்தான் அவர் பார்த்திருப்பார்.

ஆனால் மண்ணீரல் மட்டும் பொறுப்பல்ல. நீரை மேலிருந்து இறக்குவது நுரையீரல், அடியில் நின்று ஆள்வது சிறுநீரகம். அதனால்தான் நல்ல வைத்தியர் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் மருந்து எழுத மாட்டார். வீக்கம் எங்கே தொடங்கியது, ஒரே நாளில் வந்ததா மாதக்கணக்கில் வந்ததா, அழுத்தினால் குழி விழுகிறதா, சிறுநீர் எப்படிப் போகிறது என்று கேட்பார். 14ஆம் நூற்றாண்டில் சூ தான்ஷி என்ற சீன மருத்துவர் வீக்கத்தை 'யாங் நீர்', 'யின் நீர்' என இரண்டாகப் பிரித்தார். திடீரென்று வந்து முகத்திலிருந்து தொடங்குவது யாங். மெதுவாக வந்து காலில் தொடங்கி, குழி சட்டென்று மேலெழாமல் நிற்பது யின். உங்களுடையது இரண்டிலும் முழுசாகச் சேராத லேசான வகை என்றே தோன்றுகிறது.

இரவு பத்து மணிக்கு உடனடி நூடுல்ஸைச் சூப்போடு குடித்துவிட்டுப் படுப்பவர்களுக்கு இது அடிக்கடி வரும். உப்பு நீரைப் பிடித்து வைக்கிறது. மட்டமாகப் படுத்தால் அது முகத்தில் இறங்குகிறது. எழுந்து நடமாடினால் வடிகிறது. சீன வைத்தியர் இதோடு ஐஸ் போட்ட பானம், இனிப்பு, பால் பலகாரம் எல்லாவற்றையும் குறைக்கச் சொல்லி, காலையில் வெதுவெதுப்பான கஞ்சி குடிக்கச் சொல்வார். கேளுங்கள், கெடுதல் இல்லை. ஆனாலும் ஒருமுறை சிறுநீர்ப் பரிசோதனை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், தைராய்டு மூன்றையும் பார்த்துவிடுங்கள். தைராய்டு குறைந்தவருக்கும் முகம் அதைக்கும், குளிரும், சோர்வு வரும். சீன வைத்தியர் அதை 'யாங் குறைவு', அதாவது உடம்பின் சூடு குறைவு, என்று சொல்லிவிடக்கூடும். பெயர் பொருத்தமாகவே இருக்கும், ஆனால் தேவையான ஹார்மோன் மாத்திரை தள்ளிப்போகும்.

என் ஏழு வயது மகனுக்குத் தொண்டை வலி வந்து சரியாகி இரண்டு வாரம் ஆகிறது. இன்று காலை கண் இமை வீங்கியிருக்கிறது. சிறுநீர் தேநீர் நிறத்தில் போகிறது. வீக்கம் வடியச் சிவப்பு பீன்ஸ் தண்ணீர் கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். இன்றே மருத்துவமனைக்குப் போங்கள். தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று வந்து போன பிறகு சிறுநீரக வடிகட்டிகள் அழற்சி அடைவது இந்த வயதில் தெரிந்த நோய்தான். இரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரைகூடப் போகலாம். பெரும்பாலான குழந்தைகள் கவனிப்பில் முழுக்கக் குணமாகிவிடுவார்கள்.

பழைய சீன மருத்துவர்களும் சளிக்காய்ச்சலுக்குப் பிறகு இமையில் தொடங்கும் வீக்கத்தைத் தனி வகையாகப் பிரித்து 'காற்று-நீர்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஹான் வம்சக் காலத்து மருத்துவர் ஜாங் சொங்ஜிங்கின் விதி இது: இடுப்புக்கு மேல் வீங்கினால் வியர்க்க வை, கீழே வீங்கினால் சிறுநீரை இறக்கு. நன்றாகக் கவனித்திருக்கிறார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த வியர்வைக் கஷாயத்தில் சேரும் மா ஹுவாங் என்ற மூலிகை இரத்த அழுத்தத்தை ஏற்றும். இந்தக் குழந்தைக்கு ஏறக்கூடாததே அதுதான்.

பச்சைக்கல் உருளை, குவா ஷா கல் எல்லாம் பலன் தருமா?

சில மணி நேரத்துக்குத் தரும். எண்ணெய் தடவி, மூக்கோரத்திலிருந்து காது வரை, பிறகு கழுத்து வழியாகக் கீழே, மென்மையாக இழுத்தால் தேங்கிய நீர் நகரும். கை விரலாலும் அதையே செய்யலாம். குவா ஷா முதலில் முதுகிலும் கழுத்திலும் தோல் சிவக்கும்வரை தேய்க்கும் வைத்தியம். முகத்துக்கு வந்தது அழகுக்கலைக்காரர்கள் வழியாக. முகத்தில் அப்படிச் சிவக்கத் தேய்த்துவிடாதீர்கள்.

சிவப்பு பீன்ஸ், யி ரென் சேர்த்த தண்ணீர் எப்படிச் செய்வது? யாருக்கு ஆகாது?

யி ரென் என்பது பார்லி போலத் தெரியும் வேறு ஒரு தானியம்; சீன மருந்துக்கடையில் கிடைக்கும். பீன்ஸில் நீளமாகவும் ஒல்லியாகவும் இருக்கும் மருந்து வகையைக் கேட்டு வாங்குங்கள். யி ரென் குளிர்ச்சி என்பதால் வெறும் வாணலியில் லேசாக மஞ்சளாகும்வரை வறுத்துக்கொள்வார்கள். இரண்டிலும் ஒவ்வொரு கைப்பிடி, இரவு ஊறவைத்து, மறுநாள் மெல்லிய தீயில் ஒரு மணி நேரம். சர்க்கரை போட்டால் செய்ததே வீண். கர்ப்பிணிகள் யி ரென்னைத் தவிர்க்க வேண்டும் என்பது சீன மருத்துவ மரபு. சிறுநீரக நோயாளிகளுக்குப் பீன்ஸில் உள்ள பொட்டாசியம் ஆகாமல் போகலாம்.

நம் வெண்பூசணியும் சீனச் சமையலறையின் தொங் குவாவும் ஒன்றேதான். அதன் தோலை அவர்கள் நீர் இறக்கும் மருந்தாகக் காய்ச்சுகிறார்கள். நாம் சீவிக் குப்பையில் போடுகிறோம்!

நீர் வடிய என்று கடையில் வாங்கிய மூலிகை மாத்திரை இரண்டு மாதமாகச் சாப்பிடுகிறேன். முகம் முன்னைவிட உருண்டையாகிவிட்டது.

மருத்துவரைப் பாருங்கள், டப்பாவையும் எடுத்துப் போங்கள். ஸ்டீராய்டு கலந்திருந்தால் திடீரென நிறுத்துவதும் ஆபத்து என்பதால் இன்றோ நாளையோ போய்விடுங்கள்.

இரண்டு சந்தேகம். ஒன்று, ரகசியமாகக் கலந்த ஸ்டீராய்டு. மூலிகை என்று விற்ற மாத்திரைகளில் அது பிடிபட்டதுண்டு, நிலா முகம் அதன் அடையாளம். இன்னொன்று, கான் சாவ் என்னும் அதிமதுரம். சீனக் கஷாயங்களில் பெரும்பாலானவற்றில், மற்றச் சரக்குகளை இணக்கப்படுத்த அதைச் சேர்ப்பார்கள். அதிலுள்ள கிளிசரைசின் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றி, இரத்த அழுத்தத்தை ஏற்றும். வீக்கத்துக்கு எடுத்த மருந்தே வீக்கம் தரும் விசித்திரம் இது. இரத்த அழுத்தத்தையும் பொட்டாசியத்தையும் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

டப்பாவில் ஃபாங் ஜி, மு தோங் என்ற பெயர்கள் இருந்தால் அதையும் மருத்துவரிடம் காட்டுங்கள். 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் ஒரு மெலிவு சிகிச்சையில் ஹான் ஃபாங் ஜிக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கிக் அமிலம் உள்ள குவாங் ஃபாங் ஜி வந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. பலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப்பாதையில் புற்றுநோய். சீனாவே 2003இல், அதே அமிலம் உள்ள குவான் மு தோங்கையும் அடுத்த ஆண்டு குவாங் ஃபாங் ஜியையும் விலக்கியது. இரண்டும் நீர் இறக்கும் சரக்குகள், அதாவது முகம் அதைத்தவர் தேடிப்போகும் வரிசையிலேயே இருந்தவை.

வீட்டிலேயே அழுத்தக்கூடிய வர்மப்புள்ளி மாதிரி ஏதாவது உண்டா?

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுச் சதையில் ஹெ கு. முகம், வாய்ப் பிரச்சினைகளுக்கு இதையே முதலில் எடுப்பார்கள். முழங்காலுக்குக் கீழே உட்பக்கம், எலும்பு வளையும் பள்ளத்தில் யின் லிங் ச்சுவான், ஈரத்தை இறக்க. ஒவ்வொன்றையும் ஓரிரு நிமிடம், மெல்ல வலிக்கும் அளவுக்கு. கர்ப்பமாக இருந்தால் ஹெ குவை விட்டுவிடுங்கள். ஒரே பக்கம் மட்டும் வீங்கி, சிவந்து, சூடாக இருந்தால் எந்தப் புள்ளியையும் அழுத்த வேண்டாம். அது பல்லிலோ தோலிலோ உள்ள சீழாக இருக்கலாம். உதடும் நாக்கும் சேர்ந்து வீங்கி மூச்சு இழுத்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.