போனவர் திரும்பி வருவாரா?

கேள்வி: என் கணவர் மாரடைப்பில் இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அன்று காலை ஒரு அற்ப விஷயத்துக்குச் சண்டை போட்டு, முகம் கொடுத்துப் பேசாமல் இருந்துவிட்டேன். அவருடைய மூக்குக்கண்ணாடியை இன்னும் மேஜையிலிருந்து எடுக்க மனசு வரவில்லை. மகன் கவுன்சலிங் போகச் சொல்கிறான். முன்பின் தெரியாதவரிடம் அழுதால் போனவர் திரும்பி வருவாரா?

பதில்: வரமாட்டார் அம்மா. ஆனால் அந்தக் காலைச் சண்டையை மகனிடம் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள். சொன்னால், "விடும்மா, அதையே நினைக்காதே" என்பான். பாசத்தில் சொல்வதுதான், ஆனால் பேச்சு அதோடு நின்றுவிடும். முன்பின் தெரியாதவரிடம் உள்ள வசதியே இதுதான்: நீங்கள் அழுதால் அவர் உடைந்துபோவாரோ என்று பயப்பட வேண்டாம்.

அவர் புத்திமதி சொல்ல மாட்டார். "அன்றைக்கு என்ன நடந்தது, முதலிலிருந்து சொல்லுங்கள்" என்பார். "அப்புறம்?" என்பார். சொல்லச் சொல்ல, 'என்னால்தான் செத்தார்' என்று உள்ளே ஒளிந்திருக்கும் எண்ணம் உங்கள் வாயாலேயே வெளியே வரும். அதன் பிறகுதான் அது நியாயமா என்று இருவரும் பார்க்க முடியும். உங்கள் கணவருக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லலாம், காலி நாற்காலியில் அவர் இருப்பதாக நினைத்துப் பேசச் சொல்லலாம். நாடகம் போலத் தோன்றும். பலருக்கு அங்கேதான் அழுகை உடைகிறது.

கண்ணாடி அங்கேயே இருக்கட்டும். இறந்தவரோடு உறவை அறுத்துக்கொண்டால்தான் துக்கம் ஆறும் என்பது பழைய கருத்து. துக்கத்துக்கு ஐந்து படிகள் என்று யாராவது கணக்குச் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். 1969-இல் எலிசபெத் கியூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் அதை எழுதியது சாகும் நிலையில் இருந்த நோயாளிகளோடு பேசித்தான், உங்களைப் போல உறவை இழந்தவர்களை வைத்து அல்ல.

ஆனால் ஒன்றரை வருடம் கழித்தும் தூக்கம், சாப்பாடு, அன்றாட வேலை எல்லாம் தடுமாறுகிறது என்றால் தள்ளிப்போடாதீர்கள். துக்கம் 6 மாதத்துக்கு மேலும் தணியாமல் வாழ்க்கையை முடக்கினால், அதை நீடித்த துக்கக் கோளாறு என்று உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலே சொல்கிறது. கணவர் விழுந்த காட்சி கனவில் திரும்பத் திரும்ப வந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அந்த அதிர்ச்சிக்குத் தனிச் சிகிச்சை உண்டு. சாக வேண்டும் என்று தோன்றினால் அன்றே மனநல மருத்துவரைப் பாருங்கள்.

முதலில் பார்ப்பவர் ஒத்துவரவில்லையா, வேறொருவரிடம் போங்கள். மகனும் அப்பாவை இழந்தவன்தானே? அவனையும் ஒருமுறை போய்வரச் சொல்லுங்கள்.