மெக்சிகோ கல்லறை இரவு: கேமராவோடு போகலாமா?

நவம்பர் 1 இரவு பாட்ஸ்குவாரோ ஏரிக்கரையில் இருப்பேன், கல்லறைத் தோட்டத்துக்குள் போய்ப் படம் எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம். இறந்தோர் தினத்தை ஒட்டி, அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான புரேபெச்சா குடும்பங்கள் தங்கள் வீட்டில் இறந்தவர்களுக்காக விடிய விடிய விழித்திருக்கும் இரவு அது. சமாதிமேல் செண்டுமல்லி, மெழுகுவர்த்தி, ரொட்டி, போனவருக்குப் பிடித்த சாப்பாடு. பக்கத்திலேயே போர்வை சுற்றிக்கொண்டு பாட்டிமார் உட்கார்ந்திருப்பார்கள்.

படம் விஷயத்தில் மட்டும் நான் கறார். கேமராவைத் தூக்கும் முன், "புவேதோ தோமார் உனா ஃபோட்டோ?" (ஒரு படம் எடுக்கலாமா?) என்று ஸ்பானிஷில் கேளுங்கள். தலையசைத்தால் ஒன்றிரண்டு போதும், ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். மறுத்தால் சரி என்று நகர்ந்துவிடுங்கள். அழுதுகொண்டிருப்பவரிடம் கேட்கவே கேட்காதீர்கள், பாவம். மண்மேடான சமாதிகள் இருட்டில் தெரியாது, மிதித்துவிடாமல் பார்த்து நடங்கள்.

இந்த விழாவுக்காகப் பூசிக்கொள்ளும் மண்டையோட்டு முகப்பூச்சை நகரத்து ஊர்வலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏரிக்குள் இருக்கும் ஹனிட்ஸியோ தீவில் கூட்டம் நெரியும். என்னைக் கேட்டால் கரையோரச் சிற்றூர் ஒன்றுக்குப் போங்கள். சந்தையில் கொஞ்சம் பூவும் மெழுகுவர்த்தியும் வாங்கிக்கொண்டால், யாராவது அருகே அழைக்கும்போது வெறுங்கையோடு நிற்க வேண்டாம். அப்புறம், அந்த ஏரி 2,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது. நடுராத்திரிக் குளிர் வாட்டி எடுக்கும், ஸ்வெட்டரை மறக்காதீர்கள்.