ஏலத்தோட்டத்தை விற்று மகளை டாக்டருக்குப் படிக்க வைக்கலாமா?

கேள்வி: கம்பத்தில் குடியிருக்கிறோம். வண்டன்மேடு பக்கம் இரண்டரை ஏக்கர் ஏலத்தோட்டம் உண்டு. வங்கி வைப்பில் 6 லட்சம் இருக்கிறது. மகள் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை இங்குள்ள அரசுப் பள்ளியில் படித்தாள். பிளஸ் டூ முடித்ததும் ஒரே முறை நீட் எழுதினாள்; 262 மதிப்பெண். பிறகு பி.எஸ்சி. விலங்கியலை 58 சதவீதத்தில் முடித்தாள். டாக்டர் ஆசை இன்னும் போகவில்லை. வெளிநாட்டில் ஆறு ஆண்டுக்கு 30 லட்சம் என்கிறார் ஏஜென்ட். தோட்டத்தை விற்கவா, அடமானம் வைத்துக் கடன் வாங்கவா?

பதில்: இரண்டும் வேண்டாம் ஐயா. இப்போதைக்குத் தோட்டத்தைத் தொடாதீர்கள்.

58 சதவீதக் கவலையை முதலில் இறக்கி வையுங்கள். எம்.பி.பி.எஸ். சேர்க்கையில் பட்டப்படிப்பு மதிப்பெண்ணுக்கு இடமே இல்லை. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் சேர்த்து 50 சதவீதம் வேண்டும். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40. அதற்குமேல் நீட் தரவரிசைதான். உச்ச வயது வரம்பும் கிடையாது.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய சொல், அரசுப் பள்ளி. ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழக அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020 முதல் மருத்துவ இடங்களில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் தனியார் கல்லூரி கிடைத்தாலும் கட்டணத்தை அரசே ஏற்கிறது. நடுவில் ஓரிரு ஆண்டு பிள்ளையைக் கேரளத்தின் குமுளிப் பக்கம் படிக்க வைத்த குடும்பங்களுக்கு இது கிடைக்காது. உங்கள் மகளின் உண்மையான சொத்து இதுதான்.

இனி அந்த 30 லட்சம். ஆண்டுக்கு 5 லட்சமாக, 10 சதவீத வட்டியில் கடன் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். ஆறு ஆண்டுப் படிப்பும் ஓராண்டு அவகாசமும் முடியும்போது தனிவட்டி மட்டும் பதின்மூன்றரை லட்சம் சேர்ந்து, கடன் 43.5 லட்சமாக நிற்கும். பத்து ஆண்டில் அடைக்க மாதத் தவணை சுமார் 57,500 ரூபாய். அந்தத் தவணை தொடங்கும்போது மகள் சம்பாதிக்கத் தொடங்கியிருக்கமாட்டாள். வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே தகுதித் தேர்வில் 300-க்கு 150 எடுக்க வேண்டும். எழுதுவோரில் பாதிப்பேர்கூடத் தேறுவதில்லை. தேறிய பிறகும் இங்கே ஓராண்டு பயிற்சி இருக்கிறது.

அந்த இடைவெளியில் தவணையைக் கட்டப்போவது உங்கள் ஏலக்காய்தான். 2019-இல் புற்றடி ஏல விற்பனையில் கிலோ 7,000 ரூபாய் வரை போன காய், 2022-இல் ஆயிரத்துக்கும் கீழே கிடந்ததை நீங்களே பார்த்தீர்கள். பூச்சி மருந்துக்கும் காய் எடுப்புக் கூலிக்கும் போக என்ன மிஞ்சியது என்று அந்த ஆண்டுக் கணக்கு நோட்டைப் பிரித்துப் பாருங்கள். ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கி சொத்து ஈடு கேட்கும். ஏலமலை நிலத்துக்குப் பட்டயமா (உரிமைப் பத்திரமா) குத்தகையா என்ற கேள்வியும் உடனே வரும்.

ஆகவே ஒரே ஓர் ஆண்டு, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை. வைப்பிலிருந்து எடுத்து நீட் பயிற்சிக்குச் செலவிடுங்கள். மூன்று மாதத்துக்குப் பிறகு மாதிரித் தேர்வு மதிப்பெண்களை, கடந்த ஆண்டுகளில் 7.5 சதவீதத்தில் கடைசியாக இடம் கிடைத்தவர்களின் மதிப்பெண்ணோடு ஒப்பிடுங்கள். நெருங்கினால் தொடரட்டும். நூறு மதிப்பெண்ணுக்கு மேல் இடைவெளி இருந்தால், எம்.எஸ்சி., பி.எட். விண்ணப்பங்களையும் கூடவே போடச் சொல்லுங்கள். இந்த எல்லையை இப்போதே மகளிடம் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். தேர்வு முடிவு வந்த அன்று பேசினால் இருவருக்கும் வலிக்கும்.

இந்த வாரமே அவள் படித்த பள்ளிக்குப் போய், ஆறு முதல் பன்னிரண்டு வரை அங்கே படித்ததற்கான சான்றிதழை வாங்கி வையுங்கள்.