கேட்காமல் எடுத்த எச்.ஐ.வி. டெஸ்ட்

கேள்வி: என் மாமியாருக்கு வயது 58. கர்ப்பப்பை இறங்கியிருப்பதால் தர்மபுரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆபரேஷனுக்குச் சேர்த்தோம். ரத்தம் எடுத்துப் போனார்கள். மறுநாள் நர்ஸ் வந்து, ‘எச்.ஐ.வி. இல்லம்மா, பயப்படாதீங்க’ என்று வார்டில் எல்லார் முன்னாலும் சொன்னார். மாமியார் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. ‘என்னை என்னன்னு நெனச்சாங்க’ என்று ஒரே அழுகை. என் கணவர் லாரி ஓட்டுகிறார், அதனால் வந்த சந்தேகமா? கேட்காமல் எடுக்கலாமா? இருந்திருந்தால் ஆபரேஷன் செய்திருக்க மாட்டார்களா? எனக்கு இப்போது மூன்றாவது மாதம். எனக்கும் எடுக்கச் சொல்கிறார்கள். மறுத்துவிடலாமா?
– வாசகி, பாலக்கோடு

பதில்: உங்கள் கணவரின் தொழிலுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது. ஆபரேஷன் என்று அட்மிஷன் போட்டாலே சர்க்கரை, ஹீமோகுளோபின், ஹெபடைடிஸ் பி, எச்.ஐ.வி. என்று ஒரே சீட்டில் வரிசையாக டிக் அடித்து லேபுக்கு அனுப்பிவிடுவது பல இடங்களில் வழக்கம். உங்கள் மாமியார் இடத்தில் கலெக்டரின் அம்மா படுத்திருந்தாலும் அதே டிக்தான். இதை முதலில் அவரிடம் சொல்லுங்கள்.

ஆனால் வழக்கம் என்பதாலேயே அது சரியாகிவிடாது. 2017-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், சம்பந்தப்பட்டவர் விவரம் தெரிந்து சம்மதித்தால்தான் இந்தப் பரிசோதனை என்கிறது. எடுக்கும் முன்பும் பின்பும் ஆலோசனை சொல்ல வேண்டும். கோர்ட் உத்தரவு, ரத்த வங்கியில் தானமாக வரும் ரத்தம், பெயர் தெரியாமல் செய்யும் கணக்கெடுப்பு போன்ற சில விலக்குகள் உண்டு. ஆபரேஷன் அந்தப் பட்டியலில் இல்லை. அட்மிஷன் பாரத்தில் ‘எல்லா சிகிச்சைக்கும் சம்மதம்’ என்று வாங்கும் கையெழுத்தும் இதற்குப் போதாது. ‘இந்த டெஸ்ட் எடுக்கிறோம், காரணம் இது, வேண்டாம் என்றால் சொல்லலாம்’ என்று சொல்ல இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடம் செலவழித்திருந்தால் மாமியார் பட்டினி கிடந்திருக்க மாட்டார்.

எனக்கு இதைவிட உறுத்துவது நர்ஸ் சத்தமாகச் சொன்னதுதான். நல்ல செய்தி என்று நினைத்துத்தான் சொல்லியிருப்பார். ஆனால் ஒவ்வொரு கட்டிலாகப் போய் ‘இல்லை, இல்லை’ என்று சொல்லிக்கொண்டே வருபவர், ஒரு கட்டிலில் மட்டும் பேசாமல் நகர்ந்தால்? வார்டு முழுக்கத் தெரிந்துவிடும், காவேரிப்பட்டணம் வரை போய்விடும். இல்லை என்ற ரிசல்ட்டும் ரகசியம்தான்.

‘எங்கள் பாதுகாப்புக்காகத்தான் எடுக்கிறோம்’ என்பார்கள் மருத்துவர்கள். என் சக மருத்துவர்களின் பயம் எனக்குப் புரியும். ஊசி கையில் குத்தினால் யாருக்கும் வயிறு கலங்கும். ஆனால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. எச்.ஐ.வி. உள்ளவருக்குப் போட்ட ஊசி குத்தி, மருந்தும் எடுக்காமல் விட்டால்கூட, தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் சுமார் மூன்று. 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாள் எடுத்தால் அதுவும் வெகுவாகக் குறையும். ஹெபடைடிஸ் பி இதைவிடப் பல மடங்கு எளிதாகத் தொற்றக்கூடியது. அதற்குத் தடுப்பூசி இருந்தும் முழுதாகப் போட்டுக்கொள்ளாத ஊழியர்கள் இருக்கிறார்கள். போதாததற்கு, கிருமி உடலில் புகுந்த முதல் சில வாரங்களுக்கு டெஸ்ட் ‘இல்லை’ என்றே காட்டும். அந்தத் தாளை நம்பி ஒற்றைக் கையுறையோடு நிற்பவர்தான் மாட்டிக்கொள்வார். தொப்பூர் கணவாயில் வண்டி கவிழ்ந்து நடுராத்திரி வருபவருக்கு ரிசல்ட் பார்த்துவிட்டா தையல் போடுகிறோம்? எல்லார் ரத்தத்தையும் தொற்று உள்ளதாக நினைத்து வேலை செய்வதுதான் முறை. கையுறை, கண்ணாடி, பயிற்சி, தடுப்பு மருந்து எல்லாம் ஊழியர்களுக்குத் தர வேண்டியது நிர்வாகத்தின் கடமை என்றும் அதே சட்டம் சொல்கிறது.

எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்காக ஆபரேஷனை மறுப்பதும், ‘டெஸ்ட் எடுத்தால்தான் சிகிச்சை’ என்று நிபந்தனை போடுவதும் சட்டவிரோதம். மறுக்கிறோம் என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. ‘இங்கே வசதி இல்லை, சேலம் போயிடுங்க’ என்பார்கள். அப்படி நடந்தால், 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் மருத்துவமனையில் புகார் அதிகாரி ஒருவர் இருந்தாக வேண்டும், அவரிடம் எழுதிக் கொடுக்கலாம். விவரம் கேட்க 1097 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது.

இனி உங்கள் விஷயம். மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் மறுக்காதீர்கள் என்பதே என் யோசனை. இங்கே டெஸ்ட் எடுப்பது உங்களுக்காகவும் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்காகவும். மருந்தே எடுக்காவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குப் போகும் வாய்ப்பு நூற்றுக்கு 15 முதல் 45 வரை. தாய் கூட்டு மருந்து சாப்பிட்டு, பிறந்த குழந்தைக்கும் மருந்து கொடுத்தால் ஐந்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. இவ்வளவு பலன் தரும் டெஸ்ட் மருத்துவத்தில் குறைவு. லாரிக்காரர் மனைவிக்கு மட்டும், வெளியூர் போய்வருபவர் மனைவிக்கு மட்டும் என்று ஆள் பார்த்து எடுத்தால்தான் அவமானம். எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சொல்லிவிட்டு எடுக்கும்போது யாரும் யாரையும் சந்தேகிக்க வேண்டியதில்லை. அதனால்தான் பரவலாக டெஸ்ட் எடுப்பதை நான் ஆதரிக்கிறேன். கேட்காமல் எடுப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

முதல் டெஸ்டில் ‘ரியாக்டிவ்’, அதாவது தொற்று இருக்கலாம் என்று வந்தாலும் அது முடிவல்ல. எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் அரசு நம்பிக்கை மையத்தில் வேறு வேறு கிட்டில் மூன்று முறை பார்த்துத்தான் உறுதி சொல்வார்கள். எல்லாம் இலவசம். லோடு இறக்கிவிட்டு உங்கள் கணவர் ஊரில் இருக்கும் நாளாகப் பார்த்து இருவரும் சேர்ந்தே போங்கள், அவரும் எடுத்துக்கொள்ளட்டும். ரிசல்ட்டைத் தனி அறையில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.