ஐப்பசியில் ஈனும் ஆட்டுக்குப் புரட்டாசியிலேயே தீனி

கேள்வி: தாராபுரம் பக்கம் கொறங்காட்டில் (வேலியடைத்த மேய்ச்சல் காட்டில்) முப்பது மேச்சேரி இனச் செம்மறிப் பெட்டை ஆடுகள் வளர்க்கிறேன். கிடா எப்போதும் மந்தையிலேயே நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் பிறக்கும் குட்டிகளில் ஐந்தில் ஒன்று முதல் வாரத்திலேயே செத்துப்போகிறது. தாயிடம் பாலும் போதவில்லை. ஈன்றதும் அரிசிக் கஞ்சி கொடுத்துப் பார்த்தேன், பலனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: சாவு ஐப்பசியில் நடந்தாலும் காரணம் அதற்கு முந்தைய மாதத்தில் இருக்கிறது. செம்மறிக்குச் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். வயிற்றுக் குட்டியின் எடையில் முக்கால் பங்குக்கு அருகில் கடைசி ஆறு வாரத்தில்தான் கூடுகிறது. மடி திரள்வதும் அப்போதுதான். உங்கள் ஆடுகளுக்கு அந்த ஆறு வாரம் ஆவணிக் கடைசியிலும் புரட்டாசியிலும் வருகிறது. கொழுக்கட்டைப் புல் அப்போது முற்றிக் காய்ந்து வெறும் நாராகக் கிடக்கும். போதாததற்கு, குட்டி வளர வளர ஆட்டின் வயிற்றில் இரைக்கான இடமும் குறையும். நாளெல்லாம் மேய்ந்தாலும் சத்து போதாது. எடை குறைந்த குட்டி, சீம்பால் வராத மடி, அதன்மேல் ஐப்பசி மழையும் குளிரும். ஈன்ற பிறகு ஊற்றும் கஞ்சியால் இதைச் சரிசெய்ய முடியாது. பழக்கமில்லாத ஆட்டுக்குச் சோறும் கஞ்சியும் நிறையக் கொடுத்தால் வயிற்றில் அமிலம் ஏறி, உள்ள பாலும் வற்றும்.

ஆகவே ஈனுவதற்கு 45 நாள் இருக்கும்போதே அடர்தீவனத்தைத் தொடங்குங்கள். நூறு கிலோவுக்கு, உடைத்த மக்காச்சோளம் அல்லது கம்பு 40, கடலைப் புண்ணாக்கு 22, கோதுமைத் தவிடு 35, தாது உப்புக் கலவை 2, சாதா உப்பு 1. முதல் நாள் ஆட்டுக்கு 100 கிராம்; பத்து நாளில் மெல்ல ஏற்றி 250 கிராம், காலையும் மாலையும் பிரித்து. ஆட்டுக்கு மொத்தம் சுமார் 11 கிலோ ஆகும். மாட்டுக்கு விற்கும் தாது உப்பை வாங்காதீர்கள். செம்மறிக்குத் தாமிரம் ஒத்துக்கொள்ளாது. ஈரலில் மெல்லச் சேர்ந்து, ஒருநாள் திடீரெனக் காமாலையாகி ஆட்டையே கொன்றுவிடும். செம்மறிக்கென்றே வரும் கலவையைக் கேட்டு வாங்குங்கள்.

புண்ணாக்குச் செலவைக் குறைக்க வேலிமசால், அகத்தி, வாகைத் தழைகள் நல்லவை. சூபாபுல் மொத்தப் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. வெயிலில் வாடி நிற்கும் இளஞ்சோளப் பயிரில் ஆட்டை விடவே விடாதீர்கள், அது நஞ்சு.

எந்த ஆடு எப்போது ஈனும் என்று தெரியாமல் 45 நாளைக் கணக்கிட முடியாது. கிடா ஆண்டு முழுக்க மந்தையில் நிற்பதுதான் உங்கள் முதல் சிக்கல் என்பேன். அதைத் தனியே கட்டிவைத்து, வைகாசியில் மட்டும் விடுங்கள். அதன் மார்பில் காவியை எண்ணெயில் குழைத்துப் பூசுங்கள். எந்த ஆட்டின் முதுகில் நிறம் ஒட்டியதோ அதன் தேதியைக் குறித்துக்கொள்ளலாம். பெட்டைக்குப் பருவம் 17 நாளுக்கு ஒருமுறை வருவதால், 17ஆம் நாள் நிறத்தை மாற்றிவிடுங்கள். முதல் நிறத்தின் மேல் இரண்டாவதும் விழுந்திருந்தால் அந்த ஆடு முதல்முறை சினை பிடிக்கவில்லை. கிடா விடுவதற்கு மூன்று வாரம் முன்பிருந்தே பெட்டைகளுக்கு 200 கிராம் அடர்தீவனம் கொடுத்தால் சினைப் பிடிப்பு கூடும்.

ஈன்ற அன்றைய முதல் ஆறு மணி நேரம் குட்டிக்கு மிக முக்கியம். மூக்கிலும் வாயிலும் உள்ள சளியை மட்டும் நீங்கள் துடையுங்கள். மீதியைத் தாய் நக்கட்டும். அந்த வாடையில்தான் தாய் தன் குட்டியை அறிகிறது. கழுவிவிட்ட குட்டியைச் சில ஆடுகள் முட்டித் தள்ளும். தொப்புள்கொடியை இரண்டு விரல் அகலம் விட்டு நறுக்கி, டிஞ்சர் அயோடினில் முழுதாக முக்குங்கள். மேலே தடவினால் போதாது.

பிறகு மடியைப் பாருங்கள். காம்பின் நுனியில் மெழுகுபோல அடைப்பு இருக்கும். இரண்டு காம்பிலும் இரண்டு பீச்சு பீச்சி எடுத்துவிட வேண்டும். வலுவற்ற குட்டியால் அதை உறிஞ்சித் திறக்க முடியாது. தாயிடம் பால் இருந்தும் குட்டி பட்டினியில் சாவது பல பட்டிகளில் இதனால்தான். இரண்டு கிலோ குட்டிக்கு முதல் இரண்டு மணி நேரத்துக்குள் 100 மில்லி சீம்பால் உள்ளே போக வேண்டும். முதல் நாளில் இப்படி நான்கு முறை. நேரம் கடக்கக் கடக்க சீம்பாலின் நோய் எதிர்ப்புப் பொருளைக் குடல் ஏற்பது குறையும், ஒரு நாளுக்குப் பின் அறவே ஏற்காது. தாயிடம் இல்லையென்றால் அன்று ஈன்ற வேறு ஆட்டின் சீம்பாலைக் கறந்து கொடுங்கள். உறைய வைத்ததை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து இளக்குங்கள். அடுப்பில் வைத்தால் திரிந்து, உள்ள சத்தும் போய்விடும்.

வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்து, குட்டி சப்பவும் இல்லையென்றால் பாலைப் புகட்டாதீர்கள். அது நுரையீரலுக்குள் போய்விடும். முதலில் உலரத் துடைத்து, சாக்கில் சுற்றி, பல்பு வெளிச்சத்திலோ வெந்நீர் பாட்டில் அணைத்தோ சூடேற்றிய பிறகே பால். பிறந்து ஐந்து மணி நேரம் கடந்தும் துவண்டு கிடக்கும் குட்டிக்கு ரத்தத்தில் சர்க்கரையும் இறங்கியிருக்கும். சூடேற்றுவதற்கு முன்பே குளுக்கோஸ் ஊசி தேவைப்படலாம், கால்நடை மருத்துவரை அழையுங்கள். மழை நாளில் குட்டிகளைக் கொடாப்பில் (கவிழ்த்து மூடும் பெரிய கூடையில்) அடைப்பவர்கள் அடியில் காய்ந்த வைக்கோல் போட்டு, நனைந்ததும் மாற்ற வேண்டும்.

தாயற்ற குட்டிக்குப் பசும்பாலைத் தண்ணீர் கலக்காமல் கொடுங்கள். செம்மறியாட்டுப் பால் அதைவிடக் கெட்டியானது, இன்னும் நீர்க்க வைத்தால் குட்டி தேறாது.

ஈன்ற தாய்க்கு முதல் இரண்டு நாள் தீவனத்தை அளவாக வைத்து, பிறகு 300 முதல் 350 கிராம் வரை இரண்டு மாதம் தொடருங்கள். தொட்டியில் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். பன்னிரண்டு மணி நேரத்தில் நஞ்சுக்கொடி விழாவிட்டால் இழுக்காதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள். குட்டிகளுக்கு இரண்டாம் வாரத்திலிருந்து, தாய் நுழைய முடியாத சிறு தடுப்புக்குள் ஒரு கைப்பிடி அடர்தீவனம் வைத்துப் பழக்கலாம். மூன்று மாதத்தில் பால் மறக்கடியுங்கள்.

குடற்புழு மருந்தைச் சினையின் நான்காம் மாதத்தில் கொடுங்கள். ஆல்பெண்டசோலைச் சினையின் முதல் மாதத்தில் தரக் கூடாது, குட்டி ஊனமாகலாம். துள்ளுமாரித் தடுப்பூசி ஈனுவதற்கு நான்கு வாரம் முன்பு. முதல்முறை போடும் ஆட்டுக்கு இரண்டு தவணை தேவை என்பதால் அதற்கும் முன்பே தொடங்குங்கள். மழைக்குப் பின் வரும் இளம்புல்லில் கொழுத்த குட்டியாகப் பார்த்து அடிக்கும் நோய் அது. வந்தபின் மருந்துக்கு நேரம் இருக்காது.