கப்பல் ஒரே ஒரு நாள் நிற்கும் துறைமுக நகரை எப்படிச் சுற்றிப் பார்ப்பது?

சொகுசுக் கப்பல் காலை 8 மணிக்கு வந்து மாலை 5 மணிக்குப் புறப்படுமானால், அந்த நேரத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள். முழு 9 மணி நேரம் கிடைக்கும் என்று கணக்கிட வேண்டாம். துறைமுக அதிகாரிகள் அனுமதித்த பிறகே இறங்க முடியும். புறப்பாட்டுக்கு அரை மணி நேரமாவது முன்னதாகத் திரும்பிவிட வேண்டும். பெரிய கப்பல் கரையை அணைய முடியாத இடங்களில் அது கடலிலேயே நங்கூரமிட்டு நிற்க, பயணிகள் சிறு படகுகளில் கரைக்கு வருவதால் இன்னும் நேரம் கழியும்.

பயண நிரலில் உள்ள நகரப் பெயரை மட்டும் நம்பாமல், கப்பல் உண்மையில் நிற்கும் இடத்தை வரைபடத்தில் பாருங்கள். 'ரோம்' என்று குறிப்பிட்டிருந்தாலும் கப்பல் நிற்பது சிவிட்டாவெக்கியாவில். 'புளோரன்ஸ்' என்றால் லிவோர்னோவில். இரண்டிலிருந்தும் பெருநகரத்துக்கு ரயிலில் போய்வரவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் செலவாகிவிடக்கூடும் என்பதால், அங்கே ஓரிரு இடங்களை மட்டும் பார்க்க மனம் ஒப்ப வேண்டும். முன்பே பார்த்த நகரம் என்றால், துறைமுக ஊரின் பழைய தெருக்களிலும் சந்தையிலும் நிதானமாக நடப்பதையே நான் பரிந்துரைப்பேன்.

தொலைவான இடத்தை முதலில் முடித்துக்கொண்டு, படிப்படியாகக் கப்பலை நோக்கி வாருங்கள். கப்பலின் கடிகாரமும் உள்ளூர் நேரமும் சில வேளைகளில் வேறுபடும்; இறங்கும்போதே அதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலா தாமதமானால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். தனியே சென்றவர்களுக்கு அந்த உறுதி இல்லை. கப்பலைத் தவறவிட்டால் அடுத்த துறைமுகம் வரை சொந்தச் செலவிலேயே செல்ல நேரும். ஆகவே துறைமுக முகவரின் (அந்த ஊரில் கப்பல் நிறுவனத்தின் சார்பாகச் செயல்படுபவரின்) தொலைபேசி எண்ணையும் பாஸ்போர்ட் நகலையும் கையோடு வைத்திருங்கள்.