அமெரிக்கக் குடியுரிமை: இண்டர்வியூவில் தேறிய பிறகு (கேள்வி பதில்)

குடியுரிமைக்கான என்-400 விண்ணப்பம் போட்டு, கைரேகை கொடுத்து, இண்டர்வியூ வரை வந்துவிட்டவர்களின் கேள்விகள் இவை. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இண்டர்வியூவில் தேறினாலும், விழாவில் குடியுரிமை உறுதிமொழி எடுத்து முடிக்கும்வரை நீங்கள் கிரீன் கார்டுக்காரர்தான். கெடக் காரணமே இல்லாத விண்ணப்பங்கள் கெட்டுப்போவது இந்த இடைவெளியில்தான். கட்டணங்கள் அவ்வப்போது மாறும். பணம் கட்டும் நாளன்று அரசுத் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணா, இண்டர்வியூ முடிந்தது. ஆபீசர் கொடுத்த தாளில் ஒப்புதலுக்குப் பரிந்துரைத்திருப்பதாக டிக் போட்டிருக்கிறார். நான் இப்போது சிட்டிசன்தானே? ஓட்டுக்குப் பதிவு செய்யலாமா?

இல்லை. பதிவும் செய்யக் கூடாது. அந்தத் தாளின் பெயர் என்-652. இண்டர்வியூவின் முடிவைச் சொல்லும் தாள் அது. குடியுரிமை தரும் தாள் அல்ல.

பலர் மாட்டிக்கொள்வது டிரைவிங் லைசென்ஸ் அலுவலகத்தில். லைசென்ஸைப் புதுப்பிக்கும்போது, வாக்காளராகப் பதிவு செய்யவா என்று திரையில் கேட்கும். பழக்கத்தில் 'ஆம்' அழுத்திவிட்டால், சிட்டிசன் என்று பொய் சொன்னதாகப் பதிவாகும். குடியேற்றச் சட்டத்தில் இதற்கு மன்னிப்பு அநேகமாகக் கிடையாது. விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம், நாடு கடத்தும் வழக்கு வரைக்கும்கூடப் போகலாம். தெரியாமல் அழுத்தியிருந்தால் உறுதிமொழிக்கு முன்பே குடியேற்ற வக்கீலைப் பாருங்கள். நீங்களே கடிதம் எழுதிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள்.

அதே தாளில் 'இப்போது முடிவெடுக்க இயலவில்லை' என்ற பெட்டியில் டிக் இருந்தால் பயப்பட வேண்டாம். கூடுதல் ஆவணம் கேட்டிருப்பார்கள், இல்லையென்றால் மேலதிகாரி பார்க்க வேண்டியிருக்கும். ஆங்கிலத்திலோ குடிமையியல் (அமெரிக்க வரலாறு, அரசாங்கம்) தேர்விலோ தவறியிருந்தால், 60 முதல் 90 நாளுக்குள் தவறிய பகுதிக்கு மட்டும் மறுவாய்ப்பு உண்டு. இண்டர்வியூ முடிந்து 120 நாள் தாண்டியும் முடிவு வரவில்லையென்றால் ஃபெடரல் மாவட்ட நீதிமன்றத்தை அணுகச் சட்டம் வழி தருகிறது. நிராகரித்தால் 30 நாளுக்குள் என்-336 போட்டு மறுவிசாரணை கேட்கலாம்.

கேள்வி: தம்பி, எனக்கு 68 வயசு. கிரீன் கார்டு கிடைச்சு 21 வருஷம் ஆச்சு. தேர்வு ரொம்பக் கடினமாக்கிட்டாங்கன்னு பையன் சொல்றான்.

ஐயா, அந்த மாற்றம் உங்களைத் தொடாது. 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பித்தவர்களுக்கு 128 கேள்விகள் கொண்ட புதிய பட்டியல். 20 கேட்பார்கள், 12 சரியாகச் சொல்ல வேண்டும். அதற்கு முன் விண்ணப்பித்தவர்களுக்குப் பழைய 100 கேள்விதான். 10 கேட்டு 6 சரியாக இருந்தால் போதும். உங்களுக்கு 65 வயது தாண்டிவிட்டது, கிரீன் கார்டும் 20 வருடத்துக்கு மேல். ஆகவே தனியாகக் குறித்த 20 கேள்விகளை மட்டும் படியுங்கள்; அதிலிருந்து 10 கேட்பார்கள், 6 சொன்னால் போதும். ஆங்கிலத் தேர்வும் உங்களுக்கு இல்லை. மொழிபெயர்ப்பாளர் ஒருவரை அழைத்துப்போய்த் தமிழிலேயே பதில் சொல்லலாம்.

கேள்வி: இந்தியப் பாஸ்போர்ட்டில் எனக்கு ஒரே பெயர்தான். கிரீன் கார்டில் முதல் பெயர் இடத்தில் 'எஃப்.என்.யூ.' என்று இருக்கிறது. இப்போது மாற்ற முடியுமா?

முடியும். தனியாக நீதிமன்றச் செலவு இல்லாமல் மாற்ற இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. நம் ஊரில் அப்பா பெயரின் முதலெழுத்தை இனிஷியலாகப் போட்டு நிறுத்திவிடுகிறோம். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருந்தால், அமெரிக்கக் கணினிகள் இருக்கிற ஒரே பெயரைக் குடும்பப் பெயராக வைத்துக்கொண்டு, முதல் பெயர் தெரியவில்லை என்று அந்த மூன்று எழுத்தைப் போட்டுவிடும்.

என்-400 படிவத்திலேயே பெயர் மாற்றக் கேள்வி இருக்கிறது. அதில் விட்டிருந்தாலும் இண்டர்வியூவில் ஆபீசரிடம் சொல்லலாம். ஒரு மனுவில் கையெழுத்து வாங்குவார். ஆனால் பெயரை மாற்றும் அதிகாரம் நீதிபதிக்குத்தான் உண்டு. அதனால் உங்கள் உறுதிமொழி குடியேற்றத் துறை அலுவலகத்தில் நடக்காது, நீதிமன்ற விழாவில்தான் நடக்கும். சில மாவட்டங்களில் அந்த விழாக்கள் குறைவு, காத்திருப்பு நீளும்.

மனுவில் எழுதுமுன் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். அப்பா பெயரைக் குடும்பப் பெயராக வைக்கப்போகிறீர்களா, உங்கள் பெயரையே இரண்டாகப் பிரிக்கப்போகிறீர்களா, மனைவி, பிள்ளைகளின் பெயர் எதோடு ஒத்துப்போக வேண்டும்? கையெழுத்துப் போட்ட பிறகு எழுத்து மாற்றுவது பெரும்பாடு. நீதிமன்றம் தரும் பெயர் மாற்றச் சான்றைப் பத்திரமாக வைத்திருங்கள். இந்தியப் பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், அமெரிக்கக் குடியுரிமைச் சான்றிதழில் இன்னொரு பெயர் என்று இருக்கும்போது, இரண்டும் ஒரே ஆள் என்று காட்ட அது ஒன்றுதான் கையில் இருக்கும்.

எஃப்.என்.யூ. இருப்பவர்கள் காத்திருந்தாவது மாற்றிவிடுங்கள் என்பேன். வெறும் இனிஷியலை விரிக்க மட்டும் ஆசைப்படுபவர்கள், அடுத்த சில மாதங்களில் பயணம் இருந்தால் யோசித்துச் செய்யுங்கள்.

கேள்வி: இண்டர்வியூவுக்கும் உறுதிமொழிக்கும் நடுவில் இரண்டு வாரம் சென்னை போகலாமா? கார்டு வேறு காலாவதியாகிவிட்டது.

தடை இல்லை. இந்தியப் பாஸ்போர்ட்டும் கிரீன் கார்டும் இருந்தால் போய்வரலாம். கார்டு காலாவதியானால், என்-400 ரசீது அதை 24 மாதம் நீட்டிக்கிறது. அந்த ரசீதின் அசலை எடுத்துப்போங்கள். சிக்கல் வேறு இடத்தில்: உறுதிமொழிக்கான அழைப்பு, அதாவது என்-445, நீங்கள் இல்லாதபோது வந்துவிடலாம். ஆன்லைன் கணக்கைத் தினமும் பாருங்கள். அந்த நாளில் வர முடியாது என்றால் கடிதத்தில் சொன்னபடி முன்கூட்டியே எழுதித் தேதி மாற்றக் கேளுங்கள். சொல்லாமல் ஒன்றுக்கு மேற்பட்ட முறை போகாமல் விட்டால், விண்ணப்பத்தைக் கைவிட்டதாகக் கருதிவிடுவார்கள். வீடு மாறினால் 10 நாளுக்குள் முகவரி மாற்றத்தைத் தெரிவிப்பதும் கட்டாயம்.

கேள்வி: என்-445 பின்பக்கக் கேள்விகளை இப்போதே நிரப்பிவிடலாமா? போன வாரம் ஸ்பீடிங் டிக்கெட் வாங்கினேன்.

இப்போது நிரப்பாதீர்கள். விழா நாளன்று காலையில் நிரப்புங்கள். இண்டர்வியூவுக்குப் பிறகு என்ன மாறியது என்பதுதான் அங்கே கேள்வி: திருமணம், விவாகரத்து, வெளிநாட்டுப் பயணம், கைது, போலீஸ் டிக்கெட், சேர்ந்த அமைப்புகள். ஸ்பீடிங் டிக்கெட்டுக்கு 'ஆம்' என்று எழுதி, அபராதம் கட்டிய ரசீதைக் கொண்டுபோங்கள். செக்-இன் மேசையில் பார்த்துவிட்டு அநேகமாக அனுப்பிவிடுவார்கள். மறைத்தால்தான் வம்பு. குடித்துவிட்டு ஓட்டிய வழக்கு என்றால் கதை வேறு. உறுதிமொழி எடுக்கும் நிமிடம் வரை நன்னடத்தை இருக்க வேண்டும் என்பது சட்டம். விழாவிலிருந்து பெயரை எடுத்துவிட்டு ஃபைலை மறுபடி திறப்பார்கள். வக்கீலோடு பேசாமல் போகாதீர்கள்.

கேள்வி: நான் சிட்டிசனின் மனைவி என்ற முறையில் மூன்று வருட விதியில் (கிரீன் கார்டு வந்து ஐந்து வருடத்துக்குப் பதில் மூன்றிலேயே) விண்ணப்பித்தேன். இப்போது விவாகரத்து நடந்துகொண்டிருக்கிறது.

உறுதிமொழிக்கு முன் தீர்ப்பு வந்துவிட்டால் மூன்று வருட விதியில் உங்களுக்குத் தகுதி போய்விடும். ஐந்து வருடம் நிறைந்த பிறகு சொந்தமாக விண்ணப்பிக்கலாம். கிரீன் கார்டு இதனால் மட்டும் போகாது. ஐந்து வருட விதியில் விண்ணப்பித்தவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை.

கேள்வி: விழாவுக்கு என்னென்ன கொண்டுபோக வேண்டும்? உறுதிமொழி வாசகத்தில் ஆயுதம் ஏந்துவேன் என்று வருகிறதாமே, எங்கள் மதத்தில் அது ஆகாது.

அழைப்புக் கடிதம், கிரீன் கார்டு, ரீ-என்ட்ரி பர்மிட் (மறுநுழைவு அனுமதி) போன்றவை இருந்தால் அவையும். கார்டைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். முந்தைய நாளே இருபக்கமும் நகலெடுத்து வையுங்கள். தொலைத்திருந்தால் செக்-இன் மேசையில் சொல்லுங்கள்.

ஆயுதம் பற்றிய ஆட்சேபம் மதத்தையோ, அதற்கு இணையாக ஆழமாகக் கடைப்பிடிக்கும் அறநம்பிக்கையையோ சார்ந்ததாக இருந்தால் அந்த வரிகளை விட்டுவிட்டு உறுதிமொழி எடுக்கலாம். கடைசி நேரத்தில் விழாவில் கேட்காமல் இண்டர்வியூவிலேயே சொல்லுங்கள். கடவுள் பெயர் சொல்லும் பகுதியையும் விடலாம்.

குடியுரிமைச் சான்றிதழ் கையில் வந்ததும் அரங்கத்தை விட்டு வெளியே வராதீர்கள். பெயர், பிறந்த தேதி, பிறந்த நாடு, ஏ-எண் (கிரீன் கார்டில் இருக்கும் குடியேற்றப் பதிவு எண்) நான்கையும் எழுத்து எழுத்தாகப் பாருங்கள். தவறு இருந்தால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள். வீட்டுக்கு வந்து கண்டுபிடித்தால் மாற்றுச் சான்றிதழுக்கு என்-565 போட வேண்டும். அவர்கள் செய்த தவறென்றால் கட்டணம் இல்லை, ஆனால் மாதக்கணக்கில் சான்றிதழ் இல்லாமல் உட்கார வேண்டும். குறிப்பிட்ட இடத்தில் கையெழுத்துப் போடுங்கள். லாமினேட் செய்யவே கூடாது.

கேள்வி: மகளுக்கு இன்னும் இரண்டு மாதத்தில் 18 முடிகிறது. என் உறுதிமொழித் தேதி இன்னும் வரவில்லை.

உடனே நகருங்கள். பிள்ளை 18 வயதுக்குள், கிரீன் கார்டோடு, உங்கள் சட்டபூர்வப் பொறுப்பில் உங்களோடு அமெரிக்காவில் வசித்தால், நீங்கள் உறுதிமொழி எடுத்த கணமே அவளும் தானாகச் சிட்டிசன். 2001 பிப்ரவரி 27 முதல் நடப்பில் இருக்கும் சட்டம் இது. நீங்கள் 18-வது பிறந்தநாளுக்குப் பிறகு ஒரு நாள் தள்ளி எடுத்தாலும் அவளுக்கு இது கிடைக்காது. அவள் தனியாக என்-400 போட வேண்டும். மகளின் பிறந்த தேதியைக் காட்டி, உறுதிமொழியை முன்தள்ளக் கோரிக்கை கொடுங்கள். பெயர் மாற்றம் கேட்டிருந்தால் அதைக் கைவிடுங்கள். நீதிமன்ற விழாவுக்குக் காத்திருக்க இது நேரமல்ல.

தானாகக் கிடைத்தாலும் காகிதம் தானாக வராது. உங்கள் சான்றிதழ், அவள் பிறப்புச் சான்றிதழ், அவள் கிரீன் கார்டு மூன்றையும் வைத்துப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பியுங்கள். பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். என்-600 வழியாகத் தனிச் சான்றிதழும் வாங்கலாம். காகிதத்தில் 1,385 டாலர், ஆன்லைனில் 1,335. செலவு அதிகம்தான். ஆனால் பாஸ்போர்ட் காலாவதியாகும், அந்தச் சான்றிதழ் ஆகாது. கையில் பணம் இருக்கும்போது வாங்கிவிடுங்கள் என்பதே என் கருத்து.

கேள்வி: பாஸ்போர்ட்டுக்கு எப்போது விண்ணப்பிக்கலாம்?

அன்றைக்கே. டிஎஸ்-11 படிவம், சான்றிதழின் அசலும் நகலும், கண்ணாடி போடாத 2 அங்குலச் சதுரப் படம். நேரில்தான் போக வேண்டும். படிவத்தில் முன்கூட்டியே கையெழுத்துப் போடக் கூடாது. புத்தகத்துக்கு 130 டாலர், விண்ணப்பம் வாங்கும் ஏற்பு மையத்துக்கு 35, விரைவாக வேண்டுமென்றால் இன்னும் 60. அசல் சான்றிதழ் தனி உறையில் பிறகு திரும்பி வரும். அது வரும்வரை சமூகப் பாதுகாப்பு அலுவலக வேலையைப் பாஸ்போர்ட்டை வைத்து முடிக்கலாம். அங்கே போய்ப் பதிவைச் சிட்டிசன் என்று மாற்றாமல் விட்டால் பிறகு வேலைச் சரிபார்ப்பில் இடிக்கும். வாக்காளர் பதிவும் இப்போது தாராளமாகச் செய்யலாம்.

கேள்வி: இந்தியப் பாஸ்போர்ட்டில் இன்னும் ஆறு வருடம் பாக்கி. ஊரில் கொஞ்சம் நஞ்சை நிலம் இருக்கிறது. என்ன ஆகும்?

1955 குடியுரிமைச் சட்டத்தின் 9-வது பிரிவுப்படி, நீங்கள் விரும்பி வேறு குடியுரிமை எடுத்த கணத்தில் இந்தியக் குடியுரிமை முடிந்துவிட்டது. புத்தகத்தில் எத்தனை வருடம் பாக்கி என்பது பொருட்டல்ல. அதில் பயணம் செய்தால் குற்றம். இந்திய அரசுத் தளத்தில் துறப்பு விண்ணப்பம் நிரப்பி, அசல் பாஸ்போர்ட்டோடு, தூதரகத்துக்காக விண்ணப்பங்களை வாங்கும் வி.எஃப்.எஸ். நிறுவனம் மூலம் அனுப்புங்கள். ரத்து செய்த பாஸ்போர்ட்டும் ஒப்படைப்புச் சான்றும் திரும்பி வரும். இந்திய விசாவுக்கும் ஓ.சி.ஐ.க்கும் (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) அந்தச் சான்றுதான் அடிப்படை.

ஓ.சி.ஐ. விண்ணப்பம் திரும்பி வரும் காரணங்கள் பெரும்பாலும் சின்னவை: சதுரமாக இல்லாத படம், பெட்டியைத் தாண்டிய கையெழுத்து, பழைய, புதிய பாஸ்போர்ட்களில் ஒத்துப்போகாத பெயர்.

இருக்கும் நிலம் உங்களிடமே இருக்கும். வாரிசாகவும் நிலம் வரலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு இவற்றைப் புதிதாக விலைக்கு வாங்கத்தான் முடியாது. இந்தத் தடை நீங்கள் என்.ஆர்.ஐ.யாக இருந்தபோதே இருந்தது. குடியுரிமை மாறியதால் வந்ததில்லை. வங்கியில் கே.ஒய்.சி.யைப் புது பாஸ்போர்ட்டுக்கு மாற்றுங்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் படிவம் 7 கொடுத்து நீக்குங்கள்.

கேள்வி: அண்ணை, நான் யாழ்ப்பாணம். எங்களுக்கும் இப்பிடித்தானோ?

உங்களுக்கு வழி வேறு. வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தால் இலங்கைக் குடியுரிமை இழக்கப்படும் என்பது அங்கேயும் உண்டு. ஆனால் இலங்கை இரட்டைக் குடியுரிமை தருகிறது. உறுதிமொழிக்கு முன்பே குடியுரிமையைத் தக்கவைக்க விண்ணப்பிக்கலாம். எடுத்துவிட்டால் மீளப் பெற விண்ணப்பிக்கலாம். தூதரகம் வழியாகக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்குப் போகும். 55 வயதுக்கு மேல், கல்வி அல்லது தொழில் தகுதி, இலங்கையில் சொத்து, வைப்புப் பணம் என்று பல பிரிவுகள் இருக்கின்றன. எதில் ஆவணம் கைவசம் இருக்கிறதோ அதில் போடுங்கள்.

கேள்வி: நேற்றுத்தான் உறுதிமொழி எடுத்தேன். அப்பா திருச்சியில் ஐ.சி.யூ.வில். பழைய பாஸ்போர்ட்டில் ஒருமுறை போய்வந்துவிடலாமா?

வேண்டாம். திரும்பி வரும்போது கையில் கிரீன் கார்டும் இருக்காது, அமெரிக்கப் பாஸ்போர்ட்டும் இருக்காது. விமானத்திலேயே ஏற்ற மாட்டார்கள். பெற்றோர் உயிருக்கு ஆபத்து என்றால் பாஸ்போர்ட் ஏஜென்சியில் அவசர அப்பாயிண்ட்மென்ட் தருகிறார்கள். இப்போதே போன் செய்து நேரம் வாங்குங்கள். மருத்துவமனைக் கடிதம் ஆங்கிலத்தில், மருத்துவர் கையெழுத்தோடு வேண்டும். வீட்டாரிடம் சொல்லி ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லுங்கள். கூடவே டிஎஸ்-11, சான்றிதழின் அசல், படம், பயணத் திட்டம். பாஸ்போர்ட் கிடைத்ததும் அதே மருத்துவக் கடிதத்தோடும் இந்தியப் பாஸ்போர்ட்டோடும் உங்கள் பகுதி இந்தியத் தூதரகத்தை அவசர விசாவுக்கு அணுகுங்கள். துறப்பு விண்ணப்பத்தை இன்றிரவே ஆன்லைனில் நிரப்பி அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கே முதலில் அதைத்தான் கேட்பார்கள்.